பெரியப்பா கொண்டுவந்த ஆறு இசைத்தட்டுகள்

எனக்கு ஒன்பது வயது நடந்த வருஷத்தில் வீட்டார் என்னை உளவு வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். உளவு பார்க்க வேண்டிய இடம் அதிக தூரமில்லை. எங்கள் வீட்டுக்கும் பெரியப்பா வீட்டுக்கும் நடுவே ஒரே மண்சுவர். கொல்லையும் கிணறும் பொது. பெரியப்பாவுக்கும் பெரியம்மாவுக்கும் பிள்ளைகள் கிடையாது. காலையில் எங்கள் வீட்டில் கூழ் குடித்துவிட்டு, பட்டினி கிடந்தவள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு அங்கே போய் இன்னொரு முறை குடிப்பது என் வழக்கம். இப்படி வந்து போகிறவள் மேல் யாருக்குச் சந்தேகம் வரும் என்று அம்மா நினைத்தாள்.

அந்த நாளில் எங்கள் பக்கத்தில் யாரும் யாரையும் நம்பியதாக எனக்கு ஞாபகமில்லை. ஆந்திரா தனி ராஜ்யமாகப் பிரிந்துவிட்டது. எல்லைக்கோடு எங்கே விழும் என்பது மட்டும் முடிவாகவில்லை. நகரிக்கும் புத்தூருக்கும் நடுவில் இருந்த எங்கள் ஊரை இந்தப் பக்கம் சேர்ப்பார்கள், அந்தப் பக்கம் சேர்ப்பார்கள் என்று தினம் ஒரு சேதி வரும். காலையில் நாலு பேர் வந்து, "வீட்ல இன்னா பாஷை பேசறீங்க?" என்று கேட்டு எழுதிக்கொண்டு போவார்கள். சாயங்காலம் வேறு நாலு பேர் வந்து, "இன்ட்லோ ஏமி மாட்லாடுதாரு?" என்று கேட்டு எழுதிக்கொண்டு போவார்கள். நைனா, அதாவது என் அப்பா, இரண்டு கூட்டத்துக்கும் ஒரே பதிலைத்தான் சொல்வார். பெரியப்பாவோ கேட்டவர் எந்தப் பாஷையில் கேட்டாரோ அதே பாஷையில் பதில் சொல்லி, மோரும் கொடுத்து அனுப்புவார். கூத்துக்காரருக்கு எல்லா ஊரும் வேண்டும். இதனாலேயே இரண்டு கட்சிக்காரர்களும் அவரை மற்றக் கட்சியின் ஆள் என்று முடிவு கட்டியிருந்தார்கள்.

பெரியப்பா எங்கள் வட்டாரத்தில் பேர் போன பாட்டுக்காரர். முப்பது வருஷமாகப் பாரதக் கூத்தில் வேஷம் கட்டிப் பாடியவர். அதில் பதினெட்டு வருஷம் அவருக்குப் பின்பாட்டுப் பாடியது என் நைனா. கூத்துப் பார்க்காதவர்களுக்கு இதைக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். வேஷக்காரர் ஒரு அடி பாடுவார். பின்னால் தாளத்தோடு நிற்கிறவர் அந்த அடியை வாங்கித் திருப்பிப் பாடுவார். அதற்குள் முன்னால் இருப்பவர் ஒரு சுற்று ஆடி, மூச்சு வாங்கிக்கொண்டு, அடுத்த அடிக்கு வந்து சேருவார். பெரியப்பா ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. அடி முடிந்ததும் இடது கையை முதுகுப் பக்கம் நீட்டி "ஆங்" என்பார், நைனா வாங்கிக்கொள்வார். ஜனங்கள் பெரியப்பாவின் கிரீடத்தையும் புஜக்கட்டையையும் பார்ப்பார்கள். பின்னால் நின்ற நைனாவை அம்மாவைத் தவிர யாராவது பார்த்திருப்பார்களா என்பது சந்தேகம்தான்.

முதலில் தோல்பை வைத்திருந்த ஒரு மனிதர் வந்தார். நைனா புத்தூர்ச் சந்தைக்குப் போயிருந்த நாள். வெள்ளைச் சட்டை, கைக்கடியாரம், காலில் பூட்ஸ். பெரியப்பாவைத் தமிழில் ஒரு பாட்டும் தெலுங்கில் ஒரு பாட்டும் பாடச் சொல்லி, பாட்டு முழுக்கக் கடியாரத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நோட்டில் எதையோ குறித்துக்கொண்டு போனார். இதை நான் வந்து சொன்னதும் அம்மாவுக்குப் புரிந்துபோயிற்று. எல்லைக் கமிஷன் ஆள்தான். எந்தப் பாஷையில் எவ்வளவு நேரம் பாட வருகிறது என்று அளந்துகொண்டு போகிறான்.

"உங்க அண்ணன் இன்னா சொல்லி அனுப்பனாரோ! ஊரையே எழுதிக் குடுத்துட்டாரோ இன்னாவோ" என்றாள் நைனாவிடம்.

நைனா பெரியப்பாவைக் கேட்டார். "யாரோ வழி தப்பி வந்தவன்டா" என்றார் பெரியப்பா. வழி தப்பி வந்தவனுக்கு எதற்கு இரண்டு பாட்டு என்று அம்மா சுவருக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டாள். அந்தப் பக்கம் காதில் விழவில்லை என்று வைத்துக்கொண்டார்கள்.

அன்றிலிருந்துதான் என் உத்தியோகம் தொடங்கியது. நான் கொண்டுவந்த முதல் சேதியே வீட்டைக் கலக்கிவிட்டது. பெரியப்பா எங்கள் பள்ளிக்கூட வாத்தியாரிடம் டைம்பீஸ் ஒன்றை இரவல் வாங்கி வந்திருந்தார். கதவைச் சாத்திக்கொண்டு அதன் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வாய்க்குள்ளேயே ஏதோ பாடுவார். முள்ளைப் பார்ப்பார். "சனியனே, அதுக்குள்ள வந்துட்டியா" என்று அதைத் திட்டுவார். மறுபடி முதலிலிருந்து பாடுவார். திரௌபதி அம்மன் திருவிழாக் கூத்துக்கு மூன்று மாசம் இருக்கும்போதே மிளகு போட்ட வெந்நீரில் தொண்டையைக் கழுவுவதும் நடந்தது. கமிஷன் முன்னால் சாட்சி சொல்ல ஒத்திகை பார்க்கிறார் என்றாள் அம்மா. அன்றைக்குக் களத்துமேட்டில் அண்ணன் தம்பி இருவரும் வேர்க்கடலைச் செடி உதறும்போது பேச்சில்லாமல் உதறினார்களாம்.

ஒரு வாரம் கழித்துப் பெரியப்பா, நிலத்து விஷயமாகச் சித்தூர் கலெக்டர் ஆபீசுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். நாலு நாள் கழித்துத்தான் வந்தார். வந்தவர் கேட்காமலே எல்லாம் சொன்னார். பாகாலாவில் வண்டி மாற மூன்று மணி நேரம் காத்திருந்தது, அங்கே சுண்டல் வாங்கித் தின்றது, சுண்டலில் கல் இருந்தது, திரும்பும்போது திருப்பதியில் இறங்கி மலையேறிக் கும்பிட்டது வரைக்கும். அதற்குச் சாட்சியாக எனக்கு ஒரு லட்டு கொடுத்தார். நான் அதைத் தின்னாமல் அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். உளவு வேலை என்றால் நானும் அந்த அளவுக்கு உண்மையாகத்தான் பார்த்தேன்.

அம்மா லட்டை மூக்கின் கிட்டே கொண்டுபோனாள். பிட்டுப் பார்த்தாள்.

"பச்சைக் கற்பூரம் எங்க? இது மலை லட்டே இல்ல. கடை லட்டு" என்றாள்.

திருப்பதிக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு எங்கள் வீட்டில் லட்டு விஷயத்தில் பொய் சொல்லிவிட முடியும் என்று பெரியப்பா நினைத்தது அவருடைய போதாத காலம். மறுநாளே ரயில்வே கேட்டுக்காரர் மூலமாக மிச்சமும் தெரிந்துவிட்டது. பெரியப்பா போன அன்று அவரை அரக்கோணம் வண்டியில் ஜன்னலோரம் பார்த்தாராம். அரக்கோணம் போகிறவர் சித்தூருக்கா போவார்? மெட்ராசுக்குத்தான் போவார். தன் பங்கு நிலத்தை விற்றுவிட்டு மெட்ராஸ் பக்கம் குடிபோகப் பார்க்கிறார், கோடு விழுகிறதுக்கு முன்னாலேயே இடம் பிடித்துக்கொள்கிறார் என்று அம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டாள். பெரியப்பா போய்விட்டால் எனக்கு இரண்டாவது கூழ் இல்லை என்பது மட்டுமில்லை. அந்த வீடு எனக்கு வேண்டும். அந்த இரண்டு பேரும் எனக்கு வேண்டும். அதை இன்றைக்குச் சொல்கிறேன். அன்றைக்குச் சொல்லத் தெரியாமல் இன்னும் தீவிரமாக உளவு பார்த்தேன்.

பெரியம்மா கிணற்றடிக்குப் போன நேரம் பார்த்துப் பரணில் ஏறினேன். பழைய வேட்டியில் சுற்றி ஒரு சதுரமான அட்டைப்பெட்டி. உள்ளே ஆறு தட்டுகள். கன்னங்கரேலென்று வட்டமாக, நடுவில் ஓட்டையோடு, மேலே கோடு கோடாகச் சுற்றிக்கொண்டு இருந்தன. ஓட்டையைச் சுற்றி வெள்ளைக் காகிதம் ஒட்டிப் பென்சிலால் என்னவோ கிறுக்கியிருந்தது. இறங்கி ஓடிவந்து சொன்னேன். அம்மா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"செய்வினைத் தகடு! ஆறு தகடு வச்சிருக்கறாரே, நம்ம வீட்ல மூணு பேருதான இருக்கறோம்!"

நைனா கையிலிருந்த மண்வெட்டியைச் சுவரில் சாத்தினார். அவருக்கு மட்டும் அது என்னவென்று தெரிந்துவிட்டது. கல்யாண வீடுகளில் மைக்செட்டுக்காரர்கள் சுற்றவிடுகிற பாட்டுத் தட்டுதான் அது. தோல்பை மனிதர் யார், டைம்பீஸ் எதற்கு, மெட்ராஸ் எதற்கு எல்லாம் அவருக்கு ஒரே நொடியில் விளங்கியிருக்க வேண்டும். நிலம் போகவில்லை, ஊர் போகவில்லை என்று அவர் சந்தோஷப்படுவார் என எதிர்பார்த்தேன். நைனாவின் முகம் அதற்கு முன்னால் நான் பார்த்திராத மாதிரி சின்னதாகப் போயிற்று.

"பின்பாட்டு யாருதுன்னு பாத்தியா?" என்று என்னைக் கேட்டார்.

"தட்டுல அதெல்லாம் எப்பிடித் தெரியும் நைனா?"

"ஆமா, எப்பிடித் தெரியும்" என்றார். மண்வெட்டியை மறுபடி எடுத்துக்கொண்டு, "யாரோ ஒருத்தன் பாடியிருக்கறான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அன்றே கோயிலுக்குப் போய், இந்த வருஷம் திரௌபதி அம்மன் திருவிழாவில் தான் பின்பாட்டுக்கு வரப்போவதில்லை என்று தர்மகர்த்தாவிடம் சொல்லிவிட்டு வந்தார். காரணம் சொல்லவில்லை. ஊர் அதற்கு ஏழெட்டுக் காரணம் கண்டுபிடித்துக்கொண்டது.

நாலைந்து நாள் போயிருக்கும். எங்கள் தெருக் கோடியில் ரெட்டியார் வீட்டில் கல்யாணம். புத்தூரிலிருந்து மைக்செட் வந்து, வேப்பமரத்து உச்சியில் ஹாரனைக் கட்டிக் காலையிலிருந்து அலறிக்கொண்டிருந்தது. பெரியம்மா கல்யாண வீட்டில் காய் நறுக்கப் போயிருந்தாள். பெரியப்பா கொல்லைக்காட்டில் இருந்தார். நைனா என்னைக் கூப்பிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"மேல இருக்கற தட்டு ஒண்ண எடுத்துக்கினு வா. ஒரே ஒரு வாட்டி கேட்டுட்டு வச்சிடலாம்."

பாவாடையில் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன். நைனா மைக்செட்டுக்காரரிடம் ஏதோ கேட்டுக்கொண்டார். அவர் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "லேபிளே இல்லயே, சாம்பிள் பிளேட்டாட்டம் கீது" என்று சொல்லி வைத்தார். மெதுவாக, தான் மட்டும் கேட்கிற மாதிரி வைப்பார் என்று நைனா நினைத்துக்கொண்டார் போலும். மைக்செட்டுக்கு அந்தப் பழக்கம் ஏது? முள் உட்கார்ந்ததும் வேப்பமரத்து உச்சியிலிருந்து பெரியப்பாவின் குரல் ஊர் முழுக்கக் கேட்டது.

"கோட்டை வாசல் தொறக்கச் சொல்லு, குதிரை தாகமா நிக்குதுன்னு சொல்லு..."

எனக்குப் புல்லரித்துவிட்டது. பந்தலில் இருந்தவர்கள் எல்லாம் எழுந்துவிட்டார்கள். நம்ம பாட்டுக்காரர், நம்ம பாட்டுக்காரர் என்று ஒரே சத்தம். ஆனால் அந்த அடி முடிந்ததும் பாட்டு நின்றுபோயிற்று. 'சொய்ங்' என்று முள் தேய்கிற ஓசை மட்டும் வந்துகொண்டிருந்தது. பிறகு, பெரியப்பா எப்போதும் சொல்கிற அந்த "ஆங்". மறுபடி தேய்கிற ஓசை. அப்புறம்தான் அடுத்த அடி.

"கொடிய எறக்கச் சொல்லு, நான் வந்த சேதியச் சொல்லு..."

மறுபடி ஒன்றுமில்லை. மைக்செட்டுக்காரர் முள்ளைத் தூக்கி ஊதிவிட்டு வைத்தார். மூன்றாவது அடி வந்தது, நின்றது. "ஆங்." பந்தலில் யாரோ, "இன்னாப்பா, பிளேட்டு மூச்சு வாங்குது" என்றார்கள். சிரிப்பு கிளம்பிவிட்டது. பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து "ஆங்! ஆங்!" என்று கத்த ஆரம்பித்தன. நானும் சிரித்திருப்பேன், நைனாவைப் பார்க்காமல் இருந்திருந்தால். அவர் ஹாரனையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். பாட்டு நிற்கிற ஒவ்வொரு இடத்திலும் அவருடைய விரல் தொடையில் தாளம் போட்டது. தான் திருப்பிப் பாட வேண்டிய அடி முடிகிற இடத்தில் விரல் நிற்கவும் பெரியப்பாவின் அடுத்த அடி வரவும் சரியாக இருந்தது.

பெரியப்பா கொல்லைக்காட்டிலிருந்து சேற்றுக் காலோடு ஓடிவந்தார். பந்தல் ஓரம் வந்ததும் நின்றுவிட்டார். சிரிப்பும் அவரைப் பார்த்ததும் நின்றது. அவர் மைக்செட்டுக்காரரைப் பார்த்தார்; என் பாவாடையைப் பார்த்தார்; நைனாவைப் பார்த்தார்.

"மெட்ராஸ்ல பிளேட்டுக் கம்பெனிக்காரங்க ஒருத்தர் வந்தா போதும்னாங்க. ஒரு பக்கம் மூணு நிமிசம்தானாம், ரெண்டாவது ஆளுக்கு எடம் இல்லன்னாங்க. நானும் தலைய ஆட்டிட்டேன். அது என் தப்பு. உங்கிட்ட சொல்ல வாயி வரல" என்றார் நைனாவிடம். "ஆனா வேற எவனையும் நான் பின்னால நிக்க வைக்கல. பாட ஆரம்பிச்சா கை தானா பின்னால போவுது, நான் இன்னா பண்ணுவேன்? எத்தினி வாட்டி எடுத்தும் அப்பிடியேதான் வந்துச்சு. இந்த ஆறையும் கையில குடுத்து, சொல்லி அனுப்பறோம், போங்கன்னுட்டாங்க."

இசைத்தட்டு வெளியாகப்போகிறது என்ற ரகசியத்தை அவர் மறைக்கவில்லை, வெளியாகப்போவதில்லை என்பதைத்தான் மறைத்திருந்தார் என்று அப்போதுதான் ஊருக்குத் தெரிந்தது. முப்பது வருஷம் பாடிய மனிதர், பாடத் தெரியவில்லை என்று மெட்ராசில் திருப்பி அனுப்பப்பட்டவராகக் கல்யாணப் பந்தலில் நின்றார். அதைச் செய்தது நைனாவும் நானும்.

அவர் அதோடு விடவில்லை. வீட்டுக்குப் போய்ப் பெட்டியைக் கொண்டுவந்து, அந்தத் தட்டையும் அதில் வைத்துக் கயிறு போட்டுக் கட்டி, எங்கள் வாசலில் வைத்தார்.

"இன்னும் அஞ்சு இருக்குது. எல்லாத்தயும் போட்டுக் கேளு. எங்கனா ஒரு எடத்துல வேற கொரலு கேட்டா என் மூஞ்சிலயே முழிக்காத. கேட்டுட்டு வந்து சொல்லு, அப்பறம் திருவிழாவப் பத்திப் பேசலாம்."

அம்மாவுக்கு அப்போதும் சந்தேகம் தீரவில்லை. அவளுடைய நியாயத்தை ஒதுக்கித் தள்ளவும் முடியாது. முதல் தட்டில் நின்று நின்று பாடியவரைப் பார்த்துக்கொண்டு கம்பெனிக்காரன் சும்மா இருந்திருப்பானா? அடுத்த தட்டுக்கு எவனையாவது பிடித்துவந்து பின்னால் நிறுத்தியிருக்க மாட்டானா? ஊரிலும் பாதிப் பேர் அதையேதான் சொன்னார்கள். திருத்தணிப் பக்கத்து ஆள் ஒருவனுடைய குரல் மூன்றாவது தட்டில் இருப்பதாக, தட்டைக் கண்ணால் பார்க்காத ஒருவர் சத்தியம் பண்ணினார். மைக்செட் இன்னும் இரண்டு நாள் ஊரில் இருக்கும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போக நான் தயாராக நின்றேன்.

நைனா பெட்டியை எடுத்து நெல் குதிருக்கு அடியில் வைத்துவிட்டுக் காட்டுக்குப் போய்விட்டார்.

"உங்க நைனா நம்மகிட்ட சொல்லாம தனியா போயிக் கேட்டுட்டு வந்தாலும் வருவாரு. பாத்துக்கினே இரு" என்றாள் அம்மா. அப்படியாக நான் நைனாவையும் உளவு பார்க்க வேண்டியதாயிற்று. எனக்கு இதில் நல்ல தேர்ச்சி வந்துவிட்டிருந்தது. என் சடையில் கட்டுகிற சிவப்பு நூலில் ஒன்றை எடுத்துக் கயிற்று முடிச்சுக்குள் நுழைத்து இறுக்கிக் கட்டினேன். யார் கயிற்றை அவிழ்த்தாலும் நூல் அறுந்துவிடும். காலையும் மாலையும் போய்ப் பார்த்துவிட்டு வருவேன்.

மைக்செட் ஊரைவிட்டுப் போயிற்று. கொடியேற்றத்துக்கு நாள் நெருங்கியது. தர்மகர்த்தா நைனாவிடம் வந்து, "இன்னாப்பா முடிவு?" என்றார். "அண்ணன் பாடனா நானும் வரேன், அவரக் கேளுங்க" என்றார் நைனா. பெரியப்பாவிடம் போனால், "தட்டக் கேட்டானான்னு அவனக் கேளுங்க" என்றார். தர்மகர்த்தா இரண்டு வாசலுக்கும் நடுவில் நாலு முறை நடந்தார். கடைசியில் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"பாரதம் முடியற படுகளத்தன்னிக்கு துரியோதனன் ஊமையாவா சாவ முடியும்? நாளைக்குக் காலைல நாகலாபுரத்துக்கு ஆள் அனுப்பிடறேன். அங்க ஒரு கூத்து ஜமா இருக்குது. ஒருவாட்டி அவங்க வந்துட்டா அப்பறம் வருசா வருசம் அவங்கதான். அதையும் தெரிஞ்சிக்கங்க."

அன்று மத்தியானம் நைனா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சுவரைச் சுற்றி அந்த வீட்டுக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். பெரியப்பா வாசலில் உட்கார்ந்து கலப்பைக்குக் கயிறு திரித்துக்கொண்டிருந்தார், நிமிரவில்லை.

"கேட்டுட்டேண்ணா" என்றார் நைனா.

பெரியப்பாவின் கை நின்றது. "அஞ்சுமா?"

"அஞ்சும்."

"எங்க கேட்ட?"

"புத்தூர்ல. வேற யாரும் இல்ல. நீ சொன்னது வாஸ்தவம்தான்."

நான் மலைத்துப்போனேன். நைனா இந்த நாட்களில் புத்தூர்ப் பக்கமே போகவில்லை. அன்று காலையில்கூட என் சிவப்பு நூல் முடிச்சுக்குள் அப்படியே இருந்தது. எதிரே உட்கார்ந்திருக்கிற மனிதரிடம், கண்ணைப் பார்த்து, என் நைனா முழுப் பொய் சொல்கிறார்! அந்த வருஷத்தில் நான் எத்தனையோ பொய்களைப் பார்த்துவிட்டேன். ஆனால் இது நம்ம வீட்டுப் பொய்.

பெரியப்பா இதைக் கேட்டுச் சந்தோஷப்படுவார் என்று நைனா எதிர்பார்த்திருப்பார். பெரியப்பா சந்தோஷப்படவில்லை. கயிற்றை மறுபடி திரிக்க ஆரம்பித்தார்.

"அஞ்சையும் போட்டுக் கேட்டுட்டுத்தான் நம்பி வந்திருக்கற" என்றார். "சரி. கேளுன்னு நான்தான சொன்னேன்."

"அப்ப திருவிழாவுக்கு?"

"பாக்கலாம். தொண்ட சரியில்ல. நாகலாபுரத்துக்காரங்க நல்லாதான் பாடுவாங்கன்னு சொல்லிக்கறாங்க."

நைனா திரும்பி வந்துவிட்டார். நான் வரவில்லை. எனக்குள் உளவாளி கொதித்துக்கொண்டிருந்தாள். நைனாவைக் காட்டிக்கொடுக்கிறோம் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை, தெரிந்துதான் செய்தேன். பந்தலில் பெரியப்பா என் பாவாடையைப் பார்த்த பார்வை எனக்குள் இன்னும் இருந்தது. இந்த ஒரு உண்மையையாவது அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தால் அவருக்கும் எனக்கும் நேராகிவிடும் என்று நினைத்தேன்.

"பெரியப்பா, நைனா பொய் சொல்றாரு. அவரு ஒண்ணுமே கேக்கல."

பெரியப்பா நிமிர்ந்து பார்த்தார்.

"பொட்டி குதிருக்கு அடியிலேயேதான் இருக்குது. முடிச்சுல நூல் வச்சிருக்கறேன், அறுவல. இன்னிக்குக் காலைலகூடப் பாத்தேன். புத்தூருக்கெல்லாம் போவவே இல்ல."

"கேக்கவே இல்லயா?"

"இல்ல."

"ஒண்ணுகூட?"

"சத்தியமா இல்ல பெரியப்பா." என் தலையில் நானே அடித்துச் சத்தியம் செய்தேன். வேண்டுமானால் பெட்டியைக் கொண்டுவந்து நூலைக் காட்டுகிறேன் என்றேன்.

பெரியப்பா கயிற்றைக் கீழே போட்டார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். வெகு நேரம் துடைத்தார். வியர்வையாக இருக்கும் என்று நினைத்தேன். அப்புறம் என்னை இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, மறுபடியும் முதலிலிருந்து கேட்டார். கேக்கவே இல்லயா, முடிச்சு அப்பிடியே இருக்குதா, வேற யாரும் தொடலயா என்று. நானும் சலிக்காமல் சொன்னேன். என் உளவு வேலையில் இவ்வளவு ஆசையாக யாரும் என் சேதியைக் கேட்டதில்லை.

"நீ சொன்னது நைனாவுக்குத் தெரிய வேணாம்" என்றார். பிறகு உள்ளே பார்த்துப் பெரியம்மாவைக் கூப்பிட்டார். "ஏய், மொளகு தட்டிப் போட்டு வெந்நி வையி. தொண்டயக் கழுவணும்."

தர்மகர்த்தாவின் ஆள் நாகலாபுரத்துக்குப் போகவில்லை. படுகளத்தன்று காலை வெயிலில், மண்ணால் செய்து தரையில் படுக்க வைத்திருந்த துரியோதனன் உருவத்தைச் சுற்றி ஊரே நின்றது. அதன் தலைமாட்டில் பெரியப்பா நின்று பாடினார். கை பின்னால் போயிற்று. நைனா வாங்கினார். அம்மா என் பக்கத்தில் நின்று, "அஞ்சு தட்டுல இன்னா இருக்குதோ, அது அந்தச் சாமிக்குத்தான் தெரியும்" என்று முணுமுணுத்தாள். பிற்பாடும் அவற்றை எங்கள் வீட்டில் யாரும் கேட்கவில்லை. அவற்றில் என்ன இருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

நான் அன்று பாட்டைச் சரியாகக் கேட்கவில்லை. பெரியப்பா எப்போது ஆட்டத்தை நிறுத்திவிட்டுத் திரும்பி, எல்லோருக்கும் முன்னால் நைனாவைப் பார்த்து ஏன்டா பொய் சொன்னே என்று கேட்கப்போகிறார் என்று காத்துக்கொண்டே இருந்தேன். அன்றைக்கும் கேட்கவில்லை, அதற்குப் பிறகு ஒருநாளும் கேட்கவில்லை. இவ்வளவு பாடுபட்டு, நூல் வைத்துப் பிடித்து, கையும் களவுமாகக் கொண்டுவந்து கொடுத்த பொய்யை இந்த மனிதர் இப்படி வீணாக்கிவிட்டாரே என்று எனக்குப் பெரியப்பாவின் மேல் ரொம்ப நாள் கோபமாக இருந்தது.